கல்லூரி மாறும் மாணவருக்கான உதவித்தொகை: கலிஃபோர்னியாவில் ஒரு விண்ணப்ப ஆண்டின் ஆய்வு

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு, 2023 இலையுதிர்ப் பருவத்தில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தாவர அறிவியல் படிக்க மூன்றாம் ஆண்டு மாணவியாகச் சேர்ந்த ஒருவரின் விண்ணப்ப ஆண்டை இங்கே ஆராய்கிறேன். வேறு கல்லூரிகளுக்கு மாறிச் செல்லும் மாணவர்களுக்கு உதவ அந்தக் கல்லூரியில் தனி மையம் ஒன்று உண்டு. அங்கே கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் பணியில் நான் இருந்ததால், 2022 செப்டம்பரிலிருந்து மறு ஜூன் வரை அவருடைய தாள்கள் பெரும்பாலானவற்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

உதவித்தொகை என்றதும் மாணவர்கள் முதலில் செய்வது இணையத்தில் பட்டியல் தேடுவது. நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். அவற்றுள் பெரும்பாலானவை பள்ளி இறுதியாண்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை என்பது விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில்தான் தெரியவரும். இந்த மாணவியும் முதல் ஆண்டுக் கோடை விடுமுறையை அப்படித்தான் செலவிட்டிருந்தார். கல்லூரி மாறுகிறவருக்கு உரிய பணத்தின் பெரும்பகுதி அந்தப் பட்டியல்களில் இல்லை. அது மாநில அரசிடமும், சேரப்போகும் பல்கலைக்கழகத்திடமும், சொந்த ஊரின் சிறு அறக்கட்டளைகளிடமும் இருக்கிறது. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, அந்தத் தேதிகள் பெரும்பாலும் சேர்க்கைக் கடிதம் கைக்கு வருமுன்பே கடந்துவிடுகின்றன. இந்த ஆய்வில் நான் காட்ட விரும்புவது இந்த வரிசையைத்தான்.

பின்னணி

1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் கலிஃபோர்னியாவில் மூன்று அடுக்குகளை வகுத்தது: கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், சமுதாயக் கல்லூரிகள். முதல் இரண்டாண்டைச் செலவு குறைந்த சமுதாயக் கல்லூரியில் முடித்துவிட்டு மேலே செல்வது அந்தத் திட்டத்திலேயே பொதிந்த வழி. இன்று மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன; மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான் கட்டணம், அதுவும் வருமானம் குறைந்தவர்களுக்குத் தள்ளுபடியாகிவிடும்.

இந்தத் தள்ளுபடியில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கட்டணமே இல்லை என்றானதும், கூட்டரசின் பண உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்பவேண்டிய அவசியம் இல்லை என்று பல குடும்பங்கள் எண்ணிவிடுகின்றன. புத்தகம், பேருந்து, சாப்பாடு ஆகியவற்றுக்குப் பயன்படக்கூடிய, வருமானம் குறைந்த மாணவர்களுக்கான கூட்டரசின் பெல் மானியம் அந்த இரண்டாண்டும் கேட்பாரற்றுப் போகிறது. மேலும், இந்த விண்ணப்பத்தோடு பழக்கமே இல்லாமல், பணம் உண்மையாகவே தேவைப்படும் மூன்றாம் ஆண்டின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

நம் மாணவியின் தந்தை பாதாம் தோப்புகளில் நீர்ப்பாசன வேலை செய்பவர். தாய் பழம் பொதியும் கூடத்தில் பருவகாலத் தொழிலாளி. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர். வார இறுதிகளில் மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே 4க்கு 3.7 என்ற ஜி.பி.ஏ.வை (மதிப்பெண் சராசரியை) தக்கவைத்திருந்தார். முதல் ஆண்டில் ஃபாஃப்சா நிரப்பவில்லை; காரணம் மேலே சொன்னதுதான்.

கல்லூரி மாறுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தகுதி அடிப்படையில் ஒதுக்கும் பணம் ஏன் குறைவு என்பதையும் சொல்லவேண்டும். பள்ளியிலிருந்து நேராக வருகிறவர்களின் மதிப்பெண்களும் சேர்க்கை விகிதமும்தான் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பொதுவெளியில் அளவுகோலாகின்றன. ஆகவே நல்ல மாணவர்களை ஈர்க்கும் பணம் அந்தப் பக்கம் போகிறது. மூன்றாம் ஆண்டில் வருகிறவர் இரண்டாண்டுதான் இருப்பார் என்பதால், நான்காண்டு உதவித்தொகைகளின் கணக்கிலும் அவர் இடம்பெறுவதில்லை. இது அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆனால் விண்ணப்பிக்கும் ஆண்டில் அதோடு மல்லுக்கட்டி நேரத்தைச் செலவிடுவதைவிட, இவர்களுக்கென்றே திறந்திருக்கும் வாசல்களைத் தேடிப் போவது மேல்.

இலையுதிர்ப் பருவம்: சேர்க்கையும் பணமும் ஒரே விண்ணப்பத்தில்

செப்டம்பர் மாதத்தில் முதல் வேலை, உறுதிச் சேர்க்கை ஒப்பந்தம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களைக் குறித்த மதிப்பெண்ணோடு முடிக்கும் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு இடத்தை முன்கூட்டியே உறுதிசெய்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ ஆகிய வளாகங்கள் இதில் இல்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் இதைக் கேட்க முடியும். மாணவி டேவிஸைத் தேர்ந்தெடுத்தார். இந்த ஒப்பந்தம் ஒரு காசு கூடத் தராது. இருந்தாலும் உதவித்தொகை தேடலில் இதற்கு நேரடியான பங்கு உண்டு: எங்கே சேரப்போகிறோம் என்பது அக்டோபரிலேயே பெருமளவு தெரிந்துவிட்டால், எந்த வளாகத்தின், எந்தத் துறையின் பணத்தைக் குறிவைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

அதே மாதத்தில் அசிஸ்ட் தளத்தில் அவருடைய பாடங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒரு சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை மாநிலம் முழுவதற்கும் காட்டும் அதிகாரபூர்வமான தளம் அது. கரிம வேதியியலின் இரண்டாம் பகுதியை அவர் இன்னும் எடுக்கவில்லை என்பது அங்கே தெரிந்தது. இதில் பணத்துக்கு என்ன தொடர்பு என்று அவர் கேட்டார். தொடர்பு பெரிது. குடும்ப வருமானம் 80,000 டாலருக்குக் கீழே இருந்து, பண உதவிக்குத் தகுதியும் இருந்தால், பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தை மானியங்களால் முழுதும் ஈடுகட்டும் நீலப்பொன் திட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. பள்ளியிலிருந்து நேராக வருகிறவருக்கு அது நான்காண்டு. கல்லூரி மாறி வருகிறவருக்கு இரண்டே ஆண்டு. ஒரு பாடம் பின்தங்கி, டேவிஸில் இரண்டாண்டில் முடியாமல் படிப்பு இன்னோர் ஆண்டுக்கு இழுத்தால், அந்தக் கூடுதல் காலம் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடும். ஆயிரம் டாலர் உதவித்தொகை ஒன்றை வெல்வதைவிட, விடுபட்ட ஒரு பாடத்தை வசந்தப் பருவத்தில் முடித்துவிடுவது அதிகப் பணத்தைக் காப்பாற்றும்.

அக்டோபர் 1ஆம் தேதி ஃபாஃப்சா திறந்தது; மாணவி அந்த வாரமே நிரப்பினார். இரண்டாண்டுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கைத்தான் அது கேட்கும் என்பதால், 2023–24 கல்வியாண்டுக்கு 2021ஆம் ஆண்டின் கணக்கு போதும். பெற்றோர் புதிதாக எதையும் தயாரிக்கவேண்டியதில்லை. குடியேற்ற ஆவணமில்லாத மாணவர்களுக்குக் கலிஃபோர்னியா கனவுச் சட்டத்தின்படி தனி விண்ணப்பம் இருக்கிறது.

நவம்பர் 30ஆம் தேதிக்குள் பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பம் போகவேண்டும். இந்த விண்ணப்பத்துக்குள்ளேயே உதவித்தொகைகளுக்கான பகுதி ஒன்று இருக்கிறது: தொழில் ஆர்வம், குடும்பப் பின்னணி, சேர்ந்திருந்த அமைப்புகள் போன்றவற்றைக் குறித்துவைத்தால், வளாகங்கள் தங்களிடம் உள்ள, இன்னாருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு கொண்ட நிதிகளோடு அவற்றைப் பொருத்திப் பார்க்கும். களைப்பில் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் பலர். சேர்க்கைக்கென்று எழுதும் நான்கு குறுங்கட்டுரைகளும் உதவித்தொகைத் தேர்வுக்குப் பயன்படுத்தப்படலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு கட்டுரை திருந்திய விதம்

கல்லூரி மாறுகிறவர்கள் எல்லோரும் எழுதியே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தேர்ந்தெடுத்த துறைக்கு உங்களை எப்படித் தயார்செய்துகொண்டீர்கள்? 350 சொற்களுக்குள் பதில் வேண்டும். மாணவியின் முதல் வரைவு, உலகின் உணவுப் பற்றாக்குறையைத் தீர்க்கச் சிறு வயதிலிருந்தே ஆசைப்பட்டதாகத் தொடங்கியது. அடுத்த பத்தியில் கடின உழைப்பு, விடாமுயற்சி என்று போனது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்க முடியும்.

மண்ணியல் வகுப்பில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நாடாவைப் போல நீளமாகத் தேய்த்துத் தள்ளும் சோதனையைச் சொன்னார். நாடா உடையாமல் எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு களிமண் அதில் இருக்கிறது. மணல் அதிகமென்றால் உடனே உதிர்ந்துவிடும். அப்பா இதையே தோப்பில் செய்வார், எந்த வரிசைக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்பதை இப்படித்தான் முடிவுசெய்வார் என்று பேச்சோடு பேச்சாகச் சேர்த்துக்கொண்டார். அது அவருக்குக் கட்டுரைக்கு உரிய செய்தியாகவே தோன்றியிருக்கவில்லை.

இறுதி வரைவு அந்த நாடாவில் தொடங்கியது. தந்தையின் விரல் கணிப்பையும் ஆய்வகத்தின் ஈரப்பத அளவையும் ஒரே தோப்பின் மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்ததை அவர் எழுதினார். இரண்டு இடங்களில் இரண்டும் ஒத்துப்போயிருந்தன. மூன்றாவது இடத்தில் மேல் மண்ணுக்குக் கீழே இறுகிய அடுக்கு ஒன்று இருந்ததால் விரல் ஏமாந்திருந்தது. அந்த அடுக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்த எந்தப் பாடங்களை எடுத்தேன், டேவிஸில் எதைப் படிக்க விரும்புகிறேன் என்று கட்டுரை முடிந்தது. உலகத்தின் பசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் தேர்வாளருக்கு இவர் இந்தத் துறையில் நிலைத்து நிற்பார் என்ற நம்பிக்கை பிறக்கும். பிறகு வந்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இந்தக் கட்டுரைதான் அடித்தளமானது. ஒவ்வொன்றும் கேட்ட கேள்விக்கு ஏற்பக் கடைசிப் பத்தி மட்டும் மாறியது.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே கவனம் தேவைப்பட்டது. சமுதாயக் கல்லூரிப் பேராசிரியர்கள் பலர் ஒரே பருவத்தில் பல வகுப்புகள் எடுப்பவர்கள். சிலர் இரண்டு கல்லூரிகளுக்கு இடையே ஓடுபவர்கள். மண்ணியல் பேராசிரியரிடம் மாணவி ஒரு பக்கத்தில் மூன்று செய்திகளைக் கொடுத்தார்: அந்த வகுப்பில் தான் செய்த திட்டம், எந்த நிதிக்கு விண்ணப்பிக்கிறேன் என்பது, கடைசித் தேதி. பொதுப்படையான புகழுரை வராமல், தோப்பு ஒப்பீட்டைப் பற்றிய கடிதம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டதும் காரணம்.

பெரிய நிதியும் சிறிய நிதிகளும்

சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறுகிறவர்களுக்கென்றே நாட்டளவில் இயங்கும் உதவித்தொகைகளில் பெரியது ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையுடையது. 1997இல் காலமான தொழிலதிபர் குக்கின் சொத்திலிருந்து 2000ஆம் ஆண்டில் உருவான அந்த அறக்கட்டளை, பிற மானியங்கள் போக எஞ்சும் செலவுக்கு ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருகிறது. குறைந்தது 3.5 ஜி.பி.ஏ.வும் நிதித் தேவையும் வேண்டும். விண்ணப்பம் ஜனவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும். நாடு முழுவதிலுமிருந்து மிகச் சிலரையே எடுப்பார்கள். மாணவி விண்ணப்பித்தார்; அரையிறுதிப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அந்த உழைப்பு வீணானது என்று நான் நினைக்கவில்லை. அந்த விண்ணப்பத்துக்காகத் திரட்டிய குடும்பச் செலவுக் கணக்கும் செயல்பாடுகளின் பட்டியலும் பிப்ரவரி முழுவதும் மற்ற இடங்களுக்குப் பயன்பட்டன.

இந்த இடத்தில், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் வந்து சமுதாயக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஃபாஃப்சாவும் கலிஃபோர்னிய மாநில மானியங்களும் அவர்களுக்கு இல்லை. ஆனால் குக் அறக்கட்டளை குடியுரிமையைக் கேட்பதில்லை. 1918இல் தொடங்கிய ஃபை தீட்டா கப்பா என்ற, ஈராண்டுக் கல்லூரிகளில் படிப்பில் சிறந்த மாணவர்களுக்கான சங்கத்திலும் அவர்கள் சேரலாம். அதன் உறுப்பினர்களுக்கென்றே கல்லூரி மாறுவோர் உதவித்தொகையை ஒதுக்கிவைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நாடெங்கும் பல உள்ளன.

நம் மாணவிக்கும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்ற முறையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து ஆண்டுக்கு 20,000 டாலர் என்ற கடிதம் வந்தது. வீட்டில் பெரும் மகிழ்ச்சி. நான்கு நெடுவரிசைகளில் கணக்கை எழுதிப் பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது: மொத்தச் செலவு, திருப்பிக் கட்டவேண்டாத பணம், கடன், கையிலிருந்து போகும் தொகை. அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணம் அவ்வளவு உயரமாக இருந்ததால், 20,000 கழிந்த பிறகும் கையிலிருந்து போகும் தொகை டேவிஸைவிடப் பல மடங்கு. உதவித்தொகையின் அளவு முடிவை எடுக்கக்கூடாது, எஞ்சும் செலவே எடுக்கவேண்டும். பல்கலைக்கழகங்கள் அனுப்பும் கடிதங்களில் கடனும் மானியமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருவதால், இந்தக் கணக்கை வீட்டிலேயே கைப்பட எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அவர் வென்ற நிதிகள் சிறியவை, இரண்டும் உள்ளூர் சார்ந்தவை. ஒன்று மாவட்ட விவசாயிகள் அமைப்பினுடையது, மற்றது அவருடைய சமுதாயக் கல்லூரியின் அறக்கட்டளையே வெளியேறும் மாணவர்களுக்குத் தருவது. இந்த இரண்டாவது வகையை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்: விட்டுச் செல்லப்போகும் கல்லூரி தனக்கு இனி என்ன கொடுக்கும் என்ற எண்ணம். விண்ணப்பிக்கிறவர்கள் குறைவாக இருக்கும் இடம் இதுவே. வேளாண்மைக்கு மட்டும், இந்த மாவட்டத்துக்கு மட்டும் என்று நிபந்தனை எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவுக்குப் போட்டியும் சுருங்குகிறது.

மார்ச் 2

கலிஃபோர்னியாவில் உதவித்தொகை தேடும் மாணவர் ஒரே ஒரு தேதியை நினைவில் வைக்க முடியும் என்றால் அது மார்ச் 2. சமுதாயக் கல்லூரியிலிருந்து நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறவர்களுக்கு மாநிலத்தின் கால் கிராண்ட் (Cal Grant) மானியத் திட்டத்தில் தனி உரிமைப் பிரிவு ஒன்று உண்டு. வருமான வரம்புக்குள் இருந்து, 2.4 ஜி.பி.ஏ.வும் மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் அது உரிமையாகவே கிடைக்கும், போட்டி இல்லை. பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தை ஈடுகட்டும் அளவுக்குப் பெரிய தொகை அது. அதற்கு மார்ச் 2க்குள் இரண்டு நடக்கவேண்டும்: ஃபாஃப்சா போயிருக்கவேண்டும், ஜி.பி.ஏ. சான்று மாநில மாணவர் உதவி ஆணையத்துக்குப் போயிருக்கவேண்டும்.

பிப்ரவரி நடுவில் மாணவியின் கணக்கைத் திறந்து பார்த்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன. அக்டோபரில் நிரப்பிய ஃபாஃப்சாவில் அவர் தன் சமுதாயக் கல்லூரியின் பெயரை மட்டுமே கொடுத்திருந்தார். டேவிஸுக்கு அவருடைய நிதி விவரம் போகவே இல்லை. ஜி.பி.ஏ. சான்று அனுப்பப்பட்டதற்கான குறிப்பும் ஆணையத்தின் தளத்தில் இல்லை. முதல் குறையைச் சில நிமிடங்களில் திருத்தினார்: விண்ணப்பித்திருந்த எல்லாப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தார். இரண்டாவதற்குக் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் படிவம் கொடுத்து, அது ஏறிவிட்டதா என்று நாள்தோறும் பார்த்து, பிப்ரவரி கடைசி வாரத்தில் உறுதிசெய்தார். கல்லூரிகள் பல இதைத் தாமாகவே அனுப்பிவிடுவதுண்டு என்றாலும், பெயர் எழுத்துமுறையோ அடையாள எண்ணோ சிறிது மாறினால் பொருந்தாமல் போய்விடும். அந்த ஆண்டு அவர் பெற்ற பணத்தில் மிகப் பெரிய பங்கு இந்த இரண்டு திருத்தங்களால் காப்பாற்றப்பட்டது. கட்டுரைக்குக் கொடுத்த உழைப்பைவிட இதற்குச் செலவான நேரம் மிகச் சிறிது.

கடிதம் வந்த பிறகு

ஏப்ரலில் டேவிஸின் சேர்க்கை முடிவும் பண உதவி விவரமும் வந்தன. அந்த வளாகத்தில் கல்விக் கட்டணம் சுமார் 15,000 டாலர், வாடகை, உணவு, புத்தகம், பயணம் எல்லாம் சேர்த்தால் 40,000 டாலரை ஒட்டியது. கால் கிராண்டும் பல்கலைக்கழக மானியமும் கட்டணத்தைத் தாண்டி ஓரளவு வாழ்க்கைச் செலவையும் தாங்கின. பெல் மானியம் அந்த ஆண்டின் உச்சமான 7,395 டாலரைவிடக் குறைவாக வந்திருந்தது. மீதியைக் கடனும் பகுதிநேர வேலையும் ஈடுகட்டவேண்டும் என்று கடிதம் சொன்னது.

ஆனால் அந்தக் கணக்கு 2021ஆம் ஆண்டின் வருமானத்தை வைத்துப் போட்டது. 2022 வறட்சியில் தோப்பின் ஒரு பகுதியை உரிமையாளர் பிடுங்கிவிட்டதால் தந்தையின் வேலை நேரம் குறைந்திருந்தது. இப்படிப்பட்ட மாற்றங்களைக் கருத்தில் கொண்டு, தனித்தனி நேர்வாகக் கணக்கைத் திருத்தும் அதிகாரத்தைக் கூட்டரசுச் சட்டம் பண உதவி அலுவலர்களுக்குக் கொடுத்திருக்கிறது. மாணவி ஒரு பக்கக் கடிதம், தந்தையின் சம்பளச் சீட்டுகள், வேலை கொடுத்தவரின் குறிப்பு ஆகியவற்றோடு மறு ஆய்வு கேட்டார். கடிதத்தில் உருக்கம் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளின் வருமானமும், குறைந்ததற்கான காரணமும், சான்றுகளின் பட்டியலும் மட்டும் இருந்தன. அலுவலகம் கேட்ட கூடுதல் வரிப் பதிவையும் அதே வாரத்தில் கொடுத்தார். ஜூன் மாதத்தில் பெல் மானியம் உயர்ந்தது.

அவர் வென்ற உள்ளூர் நிதிகள் இந்த மானியங்களைக் குறைத்துவிடுமோ என்ற அச்சம் குடும்பத்துக்கு இருந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் இது உண்மையான ஆபத்து: வெளியிலிருந்து பணம் வந்ததும் கல்லூரி தன் மானியத்தை அதே அளவு குறைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மேரிலாந்து 2017இல் தன் பொதுக் கல்லூரிகளில் இதைத் தடுத்த முதல் மாநிலம். கலிஃபோர்னியா 2022இல் சட்டம் இயற்றி, பெல் மானியத்துக்குத் தகுதியான மாணவர்களின் மொத்த உதவி ஆண்டுச் செலவைத் தாண்டாத வரை கல்லூரியின் மானியத்தைக் குறைக்கக்கூடாது என்று 2023–24 கல்வியாண்டு முதல் தடைசெய்தது. ஆகவே மாணவியின் இரண்டு நிதிகளும் கடன் பகுதியை மட்டுமே குறைத்தன. விவசாயிகள் அமைப்பு தன் காசோலையைக் கட்டணத்துக்கு மட்டும் என்று குறிப்பிட்டிருந்ததால் ஒரு சிக்கல் எழுந்தது: கட்டணம் ஏற்கெனவே ஈடுகட்டப்பட்டிருந்தது. மாணவி எழுதிக் கேட்டதும், கல்விச் செலவு என்று அதை மாற்றிக் கொடுத்தார்கள். கேட்டால் மாற்றித் தருகிறவர்கள் பலர் உண்டு. கேட்கலாம் என்பது மாணவர்களுக்குத் தோன்றுவதில்லை.

வரி பற்றியும் ஒரு குறிப்பு. கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் உதவித்தொகைக்குக் கூட்டரசு வருமான வரி இல்லை. வாடகைக்கும் உணவுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்கில் வரும். ஆகவே புத்தக ரசீதுகளை ஒரு உறையில் போட்டுவைக்கச் சொன்னேன்.

செப்டம்பர் இறுதியில் டேவிஸில் வகுப்புகள் தொடங்கின. அந்த வளாகம் காலாண்டு முறையில் இயங்குவதால், முதல் தேர்வுகள் வரும் நேரத்திலேயே அடுத்த ஆண்டுக்கான பணத்தைப் பற்றியும் யோசிக்கவேண்டியிருந்தது. ஃபாஃப்சாவை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். மானியங்கள் தொடர, எடுத்த யூனிட்டுகளில் குறித்த விகிதத்தை முடித்திருக்கவும் வேண்டும். உள்ளே வந்தவர்களுக்கு மட்டும் திறக்கும் துறை நிதிகள் பற்றிய விவரத்தை அவர் முதல் வாரத்திலேயே துறை ஆலோசகரிடம் கேட்டு வாங்கி, கட்டுரையின் கடைசிப் பத்தியை மறுபடி எழுதத் தொடங்கியிருந்தார்.